முள் விழுந்தால் முதலில் அளந்து பாருங்கள்

கிருஷ்ணகிரி தாண்டும்போது இரவு பதினொரு மணி. சிமெண்ட் லோடு. ஆயில் பிரஷர் மீட்டரின் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டில் இருந்தது. கீழே ஒழுக்கும் இல்லை. போனில் கேட்டதும், "சென்சார்தான் போயிருக்கும், ஓட்டிட்டு வா" என்றார் ஒருவர். "பம்ப் போச்சு, சம்ப்பைக் கழட்டணும்" என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் வண்டியைப் பார்க்கவே இல்லை.

இப்படி வாய்க்கு வந்ததைச் சொல்வதால் அழிவது லாரிக்காரன் பிழைப்பு. என் மச்சான் முதல் பேச்சை நம்பி, சென்சாரை இரண்டு தடவை மாற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தார். தேய்ந்திருந்தது பேரிங். கடைசியில் கிராங்கும் போனது. அந்த இன்ஜின் வேலைக்கு வாங்கிய வட்டிப் பணத்தை இன்னும் கட்டுகிறார்.

காலையில் ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். சாவியை மட்டும் போடச் சொல்லி, சென்சார் ஒயரைக் கழற்றி இன்ஜின் பாடியில் தொட்டார். மீட்டரும் ஒயரும் நன்றாக இருந்தால் முள் மறுகோடிக்கு ஓட வேண்டும், அசையவில்லை. (கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில் இப்படி ஒயரை எர்த் செய்யக் கூடாது.) அத்தோடு அவர் விடவில்லை. சென்சார் இருந்த துளையில் கை மீட்டரை முடுக்கி, "ஸ்டார்ட் பண்ணு தம்பி, முள் எழும்பலேன்னா உடனே அணைச்சிடு" என்றார். எழும்பியது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஸ்லோவில் 25 பிஎஸ்ஐ, ரேஸ் கொடுத்தால் 50. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. பிறகு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு கிளாம்ப்பில் நின்றார். மேலுறை முழுசாக இருந்தது. உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து அறுந்திருந்தது.

கை மீட்டர் இல்லாத பட்டறை இன்ஜினைத் தொடவே கூடாது என்பேன். முள் விழுந்த வண்டியை ஓட்டிவரச் சொல்ல எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது; இன்ஜின் பிடித்துக்கொண்டால் பழி டிரைவர் தலையில்தான் விழுகிறது. சம்ப் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வருகிறவரிடம் பிரஷர் எத்தனை என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லவில்லை என்றால் கழற்ற விடாதீர்கள்.