ஒரு நூல் பிசகு: பழி யார் தலையில்?

சதுரங்கப்பட்டினத்தையும் கல்பாக்கத்தையும் ஒட்டிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை நமது தோழர்கள் அனைவரும் அறிவார்கள். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை அதை நான்கு வழிச் சாலையாக்கும் வேலை எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட சாலைகளின் ஓரத்தில் இரும்புத் தூண் நட்டு, வளைந்த தகட்டை நீளமாகப் பூட்டுகிறார்களே, அந்தத் தடுப்பைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துக்கள் நடந்தன. 17,884 பேர் மாண்டார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வண்டியில் வீடு திரும்புகிறவனும், நடவுக்கு லோடு வேனில் நின்றுகொண்டு போகும் பெண்களும் இந்தச் சாலைகளில்தான் போகிறார்கள்.

மத்திய சர்க்காரின் சாலை விதிப்படி தூணின் நீளம் 1.8 மீட்டர். அதில் 1.1 மீட்டர் மண்ணுக்குள் இருக்க வேண்டும். 2 மீட்டருக்கு ஒரு தூண். வண்டி மோதும்போது தகடு கமலை வடம் போல இழுபட்டு நின்று, வண்டியைப் பள்ளத்தில் விழாமல் திருப்பிவிட வேண்டும். வடம் அறுந்தால் சால் கிணற்றில். இங்கே தகட்டின் இணைப்பு பிய்ந்தால் அதன் முனை ஈட்டியாகி வண்டிக்குள் பாயும். ஆகவே தகட்டையும் தகட்டையும் சேர்க்கும் போல்ட்டு எந்நிலையிலும் விடக்கூடாது. தூணையும் தகட்டையும் சேர்க்கும் போல்ட்டோ, தூண் சாயும்போது தக்க நேரத்தில் தகட்டை விட்டுவிட வேண்டும். இல்லையேல் சாயும் தூண் தகட்டையும் கீழே இழுத்துவிடும். வண்டி அதன்மேல் ஏறிப் போய்விடும். இந்த இரண்டு வேலையையும் செய்வது துளையின் அளவுதான்.

அமெரிக்க அளவுமுறையில் போல்ட்டு ஐந்து நூல், தூணின் துளை ஆறு நூல். இடைவெளி ஒரே ஒரு நூல். பட்டறையில் டாலரன்ஸ் என்கிறோமே, அதற்கும் இந்த ஒரு நூலுக்குள்தான் இடம். துத்தநாகப் பூச்சுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். வெயிலில் 30 டிகிரி சூடு ஏறினால் 4 மீட்டர் தகடு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அதற்காகத் தகட்டின் துளையை நீளவாட்டில் போடுகிறார்கள். எல்லாம் கணக்குப் போட்டு வைத்த அளவு.

நடைமுறை என்ன? சில மாதங்களுக்கு முன் நமது மாவட்டத்தில் ஒரு சாலையோரம் நின்று பார்த்தேன். தூணின் துளையும் தகட்டின் துளையும் ஒரு விரல் தள்ளி நின்றன. மேஸ்திரி காஸ் கட்டரைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஓட்டை விழுந்தது. போல்ட்டு ஏறிற்று, வேலை முடிந்தது. நெருப்புப் பட்ட இடத்தில் பூச்சு கருகிப்போயிற்று. கடலோர உப்புக்காற்றில் துரு முதலில் பிடிப்பது அங்கேதான். “ஏன் தம்பி இப்படி?” என்று கேட்டேன். “இருட்டுவதற்குள் இந்த வரிசையை முடிக்காவிட்டால் கூலி பிடிப்பார்கள், ஐயா” என்றான் அந்த இளைஞன்.

நாளை அந்தத் தடுப்பு பிய்ந்தால் “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று எழுதுவார்கள். தேய்ந்த பஞ்சை மாற்றினால் பிரஸ் அரைமணி நிற்கும் என்று அதையே ஓட்டச் சொன்னது யார்? துளையைக் கேஜ் வைத்துப் பார்க்காமல் லாரியில் ஏற்றியது யார்? அளக்காமலே கையெழுத்துப் போட்டது யார்? காஸ் கட்டர் அவன் கையில் இருந்தது உண்மை. அந்த நிலைக்கு அவனைத் தள்ளியவர்கள் வேறு.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். தடுப்பின் நுனியில் மாட்டும் தலைப்பகுதியில் தகடு ஓடும் வழியை டிரினிட்டி என்ற கம்பெனி 2005இல் 5 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகக் குறைத்தது. நெடுஞ்சாலை இலாகாவுக்கு இதைச் சொல்லவில்லை. 2014இல் ஜூரிகள் அது குற்றம் என்றார்கள். 2015இல் கோர்ட்டு 66 கோடி டாலருக்கு மேல் விதித்தது. ஆனால் 2017இல் மேல்கோர்ட்டு அதை ரத்து செய்துவிட்டது. விஷயம் தெரிந்த பின்னும் சர்க்கார் இலாகா அந்தப் பொருளை ஏற்று, பணமும் கொடுத்து வந்தது என்பதே முக்கியக் காரணம். வாங்குகிறவன் கண்ணை மூடிக்கொண்டால் சட்டமும் கையை விரித்துவிடும் என்பது இதிலுள்ள பாடம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். தூணும் தகடும் வந்து இறங்கியதும் தொழிலாளர் பிரதிநிதியின் முன்னிலையில் கேஜ் வைத்துச் சோதிக்க வேண்டும். கேஜின் ஒரு முனை துளையில் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக்கூடாது. தேறாததைத் திருப்பி அனுப்ப வேண்டும். நெருப்பால் துளை பெருக்குவதைத் தடை செய்ய வேண்டும். அளவு சேராத தூணைப் பூட்ட மறுக்கும் தொழிலாளிக்குக் கூலிப் பிடித்தம் கூடாது. இத்தனை துளைக்கு ஒரு தரம் பஞ்சு மாற்ற வேண்டும் என்று பட்டறையில் எழுதி ஒட்ட வேண்டும்.

இதில் நமக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் தன் ஊர் எல்லையிலுள்ள தடுப்பு ஓரமாக ஒருநாள் பகலில் நடந்து பார்க்கட்டும். எத்தனை போல்ட்டு இல்லை, எத்தனை துளை கருகித் துருப்பிடித்திருக்கிறது என்று எண்ணி, இடத்தைக் குறித்து, நெடுஞ்சாலை அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு “எங்களுக்குத் தெரியாது” என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.