இருமலுக்குப் பின் வயிற்று வலி

“மாமியார் இதய வால்வு மாற்றியவர், அசிட்ரோம் சாப்பிடுகிறார். நாலு நாள் இருமலுக்குப் பின் அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, கட்டி மாதிரி தட்டுப்படுகிறது. வாய்வுதானே?” என்கிறார் பென்னாகரம் சகோதரி.

எனக்கு அப்படித் தோன்றவில்லை, அம்மா. ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்! ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலமாக இருமினால், அபூர்வமாக வயிற்றுத் தசைக்குள்ளேயே குழாய் கிழிந்து ரத்தம் கட்டும். வாந்தியிலோ மலத்திலோ தெரியாது. தேய்க்காதீர்கள், வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். இன்றே தருமபுரி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மருந்துச் சீட்டோடு அழைத்துப்போங்கள். முகம் வெளுத்து வியர்த்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். இருமலுக்கு வாங்கிய மாத்திரையையும் காட்டுங்கள். சில ஆன்டிபயாட்டிக் அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டிவிடும். ஸ்கேனும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையும் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே கரைந்துவிடும். அசிட்ரோமை எத்தனை நாள் நிறுத்துவது, எப்போது மறுபடி தருவது என்பதை டாக்டர் சொல்லட்டும். நீங்களாக விட்டால் வால்வில் ரத்தம் உறையும்.