விடிய விடிய ஆடியதற்கு ரசீது எங்கே?

“கடந்த மூன்று ஆண்டுகளில் நடத்திய நிகழ்ச்சிகளின் விவரம், உரிய ஆவணச் சான்றுகளுடன்.” மானிய விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் வருகிற இந்த ஒரு வரி ஆறு வருடமாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

எங்களுடையது தெருக்கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு. செய்யாறு, வந்தவாசி பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் கூத்துக்காரர்களை வீட்டில் பார்க்க முடியாது. திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா தொடங்கிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு இரவாகப் போய், பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம். இரவு பத்து மணிக்குக் களரி கட்டினால் கிழக்கு வெளுக்கும்வரை ஆட்டம் நிற்காது. எங்கள் ஜமா வருடத்துக்கு எண்பது, தொண்ணூறு இரவு இப்படி ஆடுகிறது.

என் அப்பா முகவீணை வாசித்தவர். நான் படித்து வேலைக்குப் போனேன். ஜமாவைச் சங்கமாகப் பதிவு செய்தால்தான் உதவி கேட்க முடியும் என்று ஆனபோது, எழுதுகிற வேலையை, ஜமாவை நடத்துகிற எங்கள் வாத்தியார் என்னிடம் கொடுத்தார். “தம்பி, ஆடுறத நாங்க பாத்துக்கறோம். காகிதத்த நீ பாத்துக்கோ” என்றார். அன்றிலிருந்து நான் செயலாளர்.

கூத்து எப்படிப் பேசி முடிக்கப்படுகிறது என்று விண்ணப்பம் தயாரித்தவர்கள் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வாத்தியார் வீட்டுக்கு வருவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் அச்சாரப் பணம். வாத்தியார் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டால் நாள் உறுதி. அவருக்குக் காய்ச்சலாக இருந்தாலும் அந்த இரவு அந்த ஊரில் ஆட்டம் நடக்கும். ஒப்பந்தப் பத்திரம் கிடையாது. விடிந்ததும் பாக்கிப் பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். ரசீது கிடையாது. தலைமுறை தலைமுறையாக வாக்கு மாறாமல் நடந்துவரும் தொழிலிடம் “சான்று எங்கே” என்று கேட்டால் நாங்கள் எதை நீட்டுவோம்?

சரி, சான்று இல்லாமலும் இல்லை. திருவிழா நோட்டீஸ் இருக்கிறது. மஞ்சள் தாளிலும் ரோஸ் தாளிலும் அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். எந்த இரவு என்ன நாடகம், யார் குழு என்று அதில் தெளிவாக இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் நான் விடுப்புப் போட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றி நாற்பத்தொரு நோட்டீஸ் சேர்த்தேன். சில ஊரில் பூசாரி வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்று டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. தண்ணீர் தெளித்துப் பக்குவமாக உரித்தேன். எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, நகல் எடுத்து, கையொப்பமிட்டு அனுப்பினேன்.

திரும்பி வந்துவிட்டது. நோட்டீஸில் வாத்தியார் பெயர் இருக்கிறது, பதிவு பெற்ற சங்கத்தின் பெயர் இல்லையாம். எந்த ஊர்க்காரர் சங்கத்தின் பதிவுப் பெயரைப் போட்டு நோட்டீஸ் அடிப்பார்? வாத்தியார் பெயரைச் சொன்னால்தானே பக்கத்து ஊர்க்காரன் பாய் எடுத்துக்கொண்டு வருவான்? நாற்பத்தொரு இரவு ஆடிய ஆட்டம் ஒரு பெயர்ப் பொருத்தத்தில் இல்லாமல் போய்விட்டது.

உதவியே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், 1955-இல் சங்கீத நாடகச் சங்கமாகத் தொடங்கிய காலம் முதல் கலைஞர்களுக்காக இருக்கிறது. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் 1986-இல் வந்தது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. இசைக் கருவியும் ஆடை அணிகலனும் வாங்கக் கலைஞருக்கு 10,000 ரூபாய், நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய், மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் நிகழ்ச்சி மானியத்தில் 5 லட்சம் வரை என்று திட்டங்கள் இருக்கின்றன. பெரியவர்கள் நல்ல மனதோடுதான் இவற்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கும் எங்கள் களரிக்கும் நடுவில் காகிதம் ஒரு மதில் போல நிற்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த மதில் எவ்வளவு உயரம் என்று எண்ணிப் பாருங்கள். 1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு. ஏழு உறுப்பினர், துணைவிதி, வருடாவருடம் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல். சங்கத்துக்குத் தனி பான் கார்டு, தனி வங்கிக் கணக்கு. மத்திய அரசிடம் கேட்பதாக இருந்தால் தர்பன் இணையதளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். அதற்கு நிர்வாகிகளின் பானும் ஆதாரும் வேண்டும். மூன்று வருடத்துத் தணிக்கை அறிக்கை. கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவர் சங்கத்தின் பொருளாளர். ஆதாரில் அவர் பெயருக்கு முன்னால் முதலெழுத்து, பாஸ்புக்கில் பின்னால், பானில் அப்பா பெயர் முழுசாக. இந்த மூன்றையும் ஒன்றாக்க அவர் எட்டு முறை பஸ் ஏறினார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. சீசன் இல்லாத மாதங்களில் அவருக்குச் சோறு போடுவது செங்கல் சூளை வேலை.

இதைவிட வலித்தது விலைப்புள்ளி விவகாரம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் பழசாகிவிட்டன. புதிதாகச் செய்ய உதவி கேட்டோம். மூன்று கடைகளிலிருந்து விலைப்புள்ளி வாங்கி இணைக்க வேண்டும், ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்க வேண்டும் என்றார்கள். கூத்துக் கட்டை எந்தக் கடையில் விற்கிறது? கல்யாண முருங்கை மரத்தைப் பார்த்து வெட்டி, காயவைத்து, தலை அளவுக்குச் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டுகிற வேலை அது. கர்ணனின் கிரீடம் எட்டு மணி நேரம் தலையில் இருக்க வேண்டும். கனம் கொஞ்சம் கூடினாலும் ஆடுகிறவர் கழுத்து போய்விடும். இதைக் கச்சிதமாகச் செய்கிறவர் எங்களுக்குத் தெரிந்து பக்கத்தில் ஒரே ஒருவர். அவரும் கூத்தாடியவர்தான். வீட்டுத் திண்ணைதான் அவருக்குப் பட்டறை. அந்தத் திண்ணைக்கு மூன்று விலைப்புள்ளி எங்கே போய் வாங்குவது?

தெரிந்த ஒருவர், “டவுனில் நாடகச் சாமான் கடையில் பில் வாங்கித் தருகிறேன், பொருளை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்” என்றார். வாத்தியாரிடம் சொன்னேன். “அம்மன் முன்னால தலையில வைக்கிற கிரீடம், பொய்க் கணக்குல வேணாம்பா” என்று முடித்துவிட்டார். உண்மையாக இருக்கிறவன் தோற்கும்படி ஒரு விதி இருந்தால், அந்த விதியைத்தானே திருத்த வேண்டும்?

அடுத்தது காலம். அரசுக்கு வருடம் மார்ச் 31-இல் முடிகிறது. எங்களுக்கு வருடம் பங்குனியில் பிறக்கிறது. ஒரு முறை ஓர் அலுவலகத்திலிருந்து மானியம் கிடைத்தது, மறுக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து ஐந்து ஊரில் ஆட வைக்கும் திட்டம். மொத்தம் இரண்டு லட்சம். பாதி முன்னால், பாதி வேலை முடிந்து கணக்குக் காட்டியபின். உத்தரவு வந்தது பிப்ரவரி மாதக் கடைசியில். மார்ச் 31-க்குள் எல்லாவற்றையும் முடித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடு என்றார்கள். ஆறு மாதம் அடவு பிடிக்க வேண்டிய பிள்ளைகளை ஒரே மாதத்தில், அதுவும் பரீட்சை நேரத்தில், எப்படி ஆட வைப்பது? வைத்தோம். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, படிப்பையும் விடாமல், அந்தப் பிள்ளைகள் ஆடினார்கள். அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

இரண்டாம் பாதிப் பணத்தை நம்பி ஒரு லட்சம் கடன் வாங்கியிருந்தோம். எங்கள் பக்கத்தில் மூணு வட்டி, அதாவது மாதம் 3,000 ரூபாய். ஆடிட்டர் சான்றிதழ் கொடுத்தோம். புகைப்படம் தெளிவாக இல்லை என்று ஒரு கடிதம். வேறு கொடுத்தோம். பந்தல்காரர் ரசீதில் எண் இல்லை என்று இன்னொரு கடிதம். பணம் வந்து சேர்ந்தபோது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வட்டி மட்டும் 42,000 ரூபாய். அதைக் கட்ட வாத்தியார் தன் கறவை மாட்டை விற்றார். கலையை வளர்க்கக் கொடுத்த மானியம் ஒரு வீட்டுப் பாலை நிறுத்திவிட்டுப் போனது.

அதற்குப் பிறகும் விண்ணப்பம் போடுகிறோம். சில வேளை நிராகரிப்புக் கடிதம் வருகிறது, காரணம் இருக்காது. பல வேளை கடிதமே வராது. எதில் குறை என்று தெரிந்தால்தானே அடுத்த முறை திருத்த முடியும்? இதற்கிடையில் ‘நான் எழுதித் தருகிறேன், வருகிறதில் எனக்கு இவ்வளவு’ என்று சொல்லும் இடைத்தரகர்கள் முளைத்துவிட்டார்கள். நல்ல காகிதம் வைத்திருக்கும் குழுவுக்குப் பணம் போகிறது. நல்ல ஆட்டம் வைத்திருக்கும் குழு கடன் வாங்கி ஆடுகிறது. இரண்டும் இருக்கிற குழுக்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எழுதத் தெரிந்த ஒருவர் கூட இல்லாத ஜமாக்களை எனக்குத் தெரியும். அவர்கள் விண்ணப்பப் பக்கமே போவதில்லை.

எங்கள் முகவீணைக்காரப் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. சாண் நீளக் கருவி. அதில் அவர் மூச்சை அடக்கி ஊதினால் துகில் காட்சியில் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். இப்போது மூன்று ஜமாக்கள் அவரை மாற்றி மாற்றிக் கூப்பிடுகின்றன. வாசிக்க வேறு ஆள் இல்லை. எழுபதை ஒட்டிய வயது. ஆதார் எடுக்க வந்தவர்கள் ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி முதல் தேதியைப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கணக்கில் அவருக்கு வயது பதினைந்து குறைகிறது. நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு வயது வரவில்லை என்று மனு திரும்பிவிட்டது. திருத்தப் பிறப்புச் சான்று கேட்கிறார்கள். அவர் பிறந்த காலத்தில் அந்த ஊரில் யார் பதிந்தார்கள்? மனுவோடு இணைக்க அவரைப் படம் எடுக்கப் போனபோது, முகவீணையை மடியில் துணியால் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இத எடுத்துக் காட்டுனா போதாதாப்பா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது. ஆனால் கணக்கு கேட்கிற முறை அந்தந்தத் தொழிலுக்குப் பொருந்த வேண்டும். கூத்து நடந்ததா என்று ஊராட்சித் தலைவரைக் கேளுங்கள், கோயில் தர்மகர்த்தாவைக் கேளுங்கள், அவர்கள் கையெழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். திருவிழா நோட்டீஸை ஆவணமாக ஏற்றுக்கொள்ளுங்கள். கைவினைக்காரர் ஒருவரே இருக்கும் பொருளுக்கு மூன்று விலைப்புள்ளி கேட்காதீர்கள். பணத்தை ஆடி கழிந்ததும் கொடுங்கள். அந்த ஓய்வு மாதங்களில்தான் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கிறது. இரண்டாம் தவணைக்கு ஒரு கெடு வையுங்கள். நிராகரித்தால் காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். மாவட்டத்துக்கு ஓர் ஊழியரை நியமித்து, எழுதத் தெரியாத கலைஞர் வாயால் சொல்லச் சொல்ல அங்கேயே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். இதில் எதற்கும் புதிய சட்டம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், ஓர் இரவு வாருங்கள். தேர்வு செய்கிறவர்கள் ஐந்து நிமிட வீடியோவைப் பார்த்து எங்களை எடைபோடுகிறார்கள். எட்டு மணி நேரக் கூத்தில் முதல் வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கவே அதைவிட அதிக நேரம் ஆகும். பாய் நாங்கள் தருகிறோம். ஊரோடு உட்கார்ந்து விடியும்வரை பாருங்கள். அதன்பிறகு தகுதி இல்லை என்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறோம்.

இந்த வருட விண்ணப்பமும் வந்துவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய ஏழு பேரும் வேஷம் கட்ட வெளியூர் போயிருக்கிறார்கள். கடைசித் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. நாளை இரவு கர்ண மோட்சம். திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசுகிற இடத்துக்கே போய் ஏழு கையெழுத்தையும் வாங்கி வரப்போகிறேன்.