யூ.வி. மெஷினும் பட்டாசு மருந்தும்



போன வாரம் சிவகாசிப் பக்கம் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன் பண்ணினான். "சார், வீட்டுக்கு யூ.வி. மெஷின் போடச் சொல்றாங்க. போர் தண்ணியில இருக்கிற பட்டாசு மருந்தெல்லாம் போயிருமாம். வாங்கலாமா?"

அதுக்காக என்றால் வேண்டாம்ப்பா என்றேன்.

புற ஊதா ஒளி கிருமியைக் கொல்லும், சந்தேகமில்லை. கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் இன்னும் பெரிய வேலை செய்யும். பெராக்சைடு உடைந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பு உண்டாகும். பூச்சிமருந்து, மாத்திரை மிச்சம், சாயம் போன்ற கரிமப் பொருள்களைப் பிய்த்துப் போட்டுவிடும். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் 2008 முதல் கழிவுநீரைச் சுத்தம் செய்வதில் கடைசிக் கட்டம் இதுதான். வீட்டு மெஷினில் அந்தப் பெராக்சைடும் கிடையாது.

ஆனால் நம் பக்கத்துப் பிரச்சினை பெர்குளோரேட். வெடிக்கு ஆக்சிஜன் கொடுக்கும் உப்பு. தண்ணீரில் கரையும், மண்ணில் தங்காது, நேரே நிலத்தடிக்குப் போகும். 11ஆம் வகுப்புக் கணக்கைப் போடுங்கள்: நான்கு ஆக்சிஜன், ஒவ்வொன்றுக்கும் -2. அயனியின் மின்சுமை -1. குளோரினுக்கு என்ன வரும்? +7. அதற்கு மேல் குளோரின் போக முடியாது. ஏற்கனவே உச்சத்தில் நிற்பதை இன்னும் எப்படி ஆக்சிஜனேற்றம் செய்வது? அதை ஒடுக்கத்தான் வேண்டும். சில பாக்டீரியாக்கள் அதைச் செய்து சாதாரணக் குளோரைடாக்கிவிடும். அயனிப் பரிமாற்றப் பிசினும் ஆர்.ஓ.வும் பிரித்தெடுக்கும். ஆனால் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் விட்டால் மறுபடி நம் போருக்கே வரும். கொதிக்க வைத்தாலும் போகாது, சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பட்டாசு ஆலைகளைச் சுற்றி எடுத்த தண்ணீரில் ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போகவிடாமல் தடுக்கும், கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 70 மைக்ரோகிராம் என்று வரம்பு சொல்கிறது. நம் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500 பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அதனால் வழக்கமான லேப் ரிப்போர்ட்டில் "எல்லாம் சரி" என்றுதான் வரும்.

பட்டாசுத் தொழிலை மூடச் சொல்லவில்லை. நம்மில் பாதிப்பேர் அதில் படித்து ஆளானவர்கள்தானே. மருந்து கழுவிய தண்ணீரைக் கண்மாய்ப் பக்கம் விடாமல் ஆலைக்குள்ளேயே சுத்தம் செய்யட்டும். அரசு பெர்குளோரேட்டையும் பட்டியலில் சேர்த்து, ஊர் ஊராக அளந்து பஞ்சாயத்து போர்டில் ஒட்டட்டும். இதைக் கேட்க மெஷின் விலைகூட ஆகாது.

சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் யாரிடமாவது பெர்குளோரேட் சோதனை ரிப்போர்ட் இருந்தால் கமெண்ட்டில் போடுங்கள். படித்து விளக்கம் சொல்கிறேன்.