தெளுவும் கள்ளும் கடல் தாண்டுமா?

பீர் என்று உலகம் வழங்கும் வாற்கோதுமைக் கள்ளைக் கொண்டு ஒரு சிறுநாடு அயல்நாட்டுச் சந்தைகளில் நின்று வெல்ல முடியுமா என்னும் வினாவுக்கு விடைதேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. டென்மார்க்கு நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 60 இலக்கம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் கோவை, திருப்பூர் மாவட்டங்கள் இரண்டிலும் வாழ்ந்தோர் தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. அந்த நாட்டின் கார்ல்சுபெர்க்கு நிறுவனம் இன்று இந்தியாவிலேயே ஆலைகள் வைத்துப் பீர் வடிக்கிறது. நெதர்லாந்தின் ஐனெக்கன் நிறுவனமோ, இந்தியர்தம் பீர் என்று பெருமை பேசப்பெற்ற கிங்பிசரை உடைய நிறுவனத்தின் பெரும்பங்கை 2021இல் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. சிறுநாட்டுப் பீர் நம் வாயிலிலேயே கடை விரித்தாகிவிட்டது. எனவே, நாம் கேட்க வேண்டிய வினா வேறு. டென்மார்க்கின் அளவே மக்கள் வாழும் இக்கொங்கு மண், தன் தென்னந்தோப்புகளில் ஊறும் சாற்றை ஏன் ஊர்ச்சந்தைக்குக்கூடக் கொண்டுசெல்ல முடியவில்லை?

இங்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். குடிக்கு வாழ்த்துப் பாட இதனை எழுதவில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஈரோட்டுப் பெரியார் ஒத்துழையாமைப் போராட்டக் காலத்தில் தம் தோப்பிலிருந்த 500 தென்னைகளை வெட்டி வீழ்த்தினார். 1921இல் அதே ஊரில் நடந்த கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மையாரும் முன்னின்றனர். மதுவிலக்குச் சட்டம் 1937 அக்டோபரில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததும் நம் சேலம் மாவட்டத்தில்தான். அவ்வளவும் உண்மை. அதியமானை இழந்த ஔவையார், அவன் தமக்குக் கள்ளளித்து மகிழ்ந்ததை நினைந்து அழுத பாட்டு புறநானூற்றில் இருப்பதும் உண்மையே. நம் முன்னோர் கள்ளை அறிந்தும் உண்டும் அதன் கேட்டை உணர்ந்தும் வாழ்ந்தவர்கள். நாடு முழுவதும் எல்லா மதுக்கடைகளையும் அரசு நாளையே மூடுமானால், முதலில் மகிழ்பவர் நாமாகவே இருப்போம்.

ஆனால் நடப்பதென்ன? ம.கோ.இரா. ஆட்சியில் 1981இல் திறக்கப்பெற்ற கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் 1987 சனவரி முதல் மூடப்பெற்றன. அன்று விழுந்த பூட்டு கள்ளுக்கு இன்றும் திறக்கவில்லை. அதே ஆட்சி 1983இல் தொடங்கிய டாசுமாக்கு நிறுவனமோ, 2003இல் சில்லறை விற்பனையையும் தானே ஏற்றுக்கொண்டு, ஊர்தோறும் கடை நடத்தி வருகிறது. 2023-24ஆம் ஆண்டில் அதன்வழி அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி உரூபாவுக்கும் மேல். அங்கு விற்கும் சீமைச்சரக்கில் வெறியத்தின் அளவு 42.8 விழுக்காடு. மரத்திலிருந்து இறக்கும் கள்ளில் உள்ள வெறியமோ ஏறத்தாழ 5 விழுக்காடு, பீரின் அளவே. 42.8ஐ அரசே விற்கும். 5ஐ உழவன் இறக்கினால் குற்றம். இதற்கு மதுவிலக்கு என்று பெயர் சூட்ட எந்த அகரமுதலியும் இடந்தராது.

சிறுநாட்டார் வென்றது எவ்வாறு என்பதைச் சற்று விரித்துப் பார்ப்போம். கோபன்கேகனில் கார்ல்சுபெர்க்கு ஆலையார் நடத்திய ஆய்வகத்தில் 1883ஆம் ஆண்டில் எமில் கிறித்தியன் ஏன்சன் என்னும் அறிவியலர், பீரைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிரைத் தனித்துப் பிரித்து வளர்த்தெடுத்தார். அதற்குமுன் எந்நாட்டுப் பீரும் ஒருநாள் நன்றாகவும் ஒருநாள் கெட்டும் வரும். பிரித்த அவ்வுயிரை ஆலையார் மறைத்து வைக்காமல் பிறர்க்கும் கொடுத்தனர். பிற சிறுநாடுகளின் பீர்களைப் போலவே அதுவும் தன் ஊரில் மதிப்புப் பெற்ற பின்னரே கப்பலேறியது. தன் நாட்டுக் காவலருக்கு அஞ்சிப் புதரில் ஒளித்து வைக்கப்பெற்ற எந்தக் குடிநீரும் உலகச் சந்தையைப் பிடித்ததாக வரலாறில்லை.

அடுத்தது, பெயர். செக்கு மக்களின் பில்சன் நகரில் 1842இல் வடித்த பொன்னிறப் பீர் உலகை வென்றது. ஆயினும் அப்பெயரை ஊரார் காத்துக்கொள்ளத் தவறியமையால், இன்று எவரும் எங்கும் வடிக்கும் பீருக்கெல்லாம் 'பில்சுனர்' என்பதே பெயர். மெக்சிக்கோ அரசு அத்தவற்றைச் செய்யவில்லை. கற்றாழை இனத்திலிருந்து வடிக்கும் தன் தெக்கீலாவின் பெயரை 1974இல் சட்டத்தால் வேலியிட்டுக் காத்தது. கோவா மக்கள் தம் முந்திரிப் பெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு பெற்றுக்கொண்டனர். நம் கோவை மாவரைக்கும் பொறிக்கும் ஈரோட்டு மஞ்சளுக்கும் அக்குறியீடு உண்டு. பெயரின் விலையைக் கொங்குநாடு அறியாததன்று. திருப்பூர்ப் பின்னலாடை அயலார் பெயர் தாங்கிக் கப்பலேறுவதைப் பார்த்துப் பார்த்தே அறிந்திருக்கிறது.

இனி நம் தோப்புக்கு வருவோம். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பகுதிகளில் தென்னையை நம்பி வாழும் உழவர்கள் இந்நாளில் இருமுனைத் தாக்குதலுக்கு ஆளாகியுள்ளனர். 2016இல் பொள்ளாச்சியில் முதன்முதலாகக் கண்டறியப்பெற்ற சுருள் வெள்ளை ஈ ஒருபுறம். மலைக்கணவாய் வழியே வந்த வேர்வாடல் நோய் மற்றொருபுறம். கொப்பரை விலையோ உழவன் கையில் இல்லை. ஓராண்டு ஏறும், மறு ஆண்டு அவனையும் இழுத்துக்கொண்டு விழும். தேங்காயை மட்டும் நம்பாமல் பாளையையும் நம்பலாம் என்றால், ஒரு மரம் நாளொன்றுக்கு ஓரிரண்டு லிட்டர் சாறு தரும். ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். பொள்ளாச்சித் தென்னையின் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் எஞ்சும் கழிவுத் துகள் கட்டிகளாக அழுத்தப்பெற்று ஐரோப்பாவுக்கும் கொரியாவுக்கும் செல்கிறது. அந்த மரத்தின் கழிவு கடல் கடக்கிறது. அதன் கள் மரத்தடியைக் கடந்தாலே வழக்கு!

எல்லைக்கு அப்பால் சித்தூர் வட்டத்தில் அதே தென்னை. அதே பாலைக்காட்டுக் காற்று. கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் அங்கிருந்துதான் செல்கிறது. கள்ளுத் தொழிலாளர் நலநிதிக்கு அவர்கள் 1969இலேயே சட்டம் இயற்றினார்கள். வேலந்தாவளத்துக்கு மேற்கே மரமேறுபவன் தொழிலாளி. கிழக்கே அவன் குற்றவாளி. இடைக்கயிறும் தளைநாரும் இருபுறமும் ஒன்றே.

கள்ளில் மயக்க மருந்து கலப்பார்களே என்பது அரசின் எதிர்வாதம். அதைப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. மரம் தரும் அளவுக்கு மேல் கேட்பார் பெருகினால் கலப்படம் நுழையும்; கேரளத்திலும் நுழைந்திருக்கிறது. ஆயின், இசைவு பெற்ற பொருளையே ஆய்ந்து பார்க்க முடியும். ஒளிந்து விற்கும் பொருளை யார் ஆய்வது? கள்ளைத் தடுத்த இந்நாட்டில்தான் 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

சரி, பூட்டைத் திறந்தால் நம் கள் அயல்நாட்டில் விலைபோகுமா? பச்சைக் கள் போகாது என்பதே என் கருத்து. அதன் வாழ்நாள் ஒரு பகல். சூடுகாட்டிப் புளிப்பை நிறுத்திக் குப்பியில் அடைத்தால் போகும்; சுவை சற்றுக் குறையும். யாழ்ப்பாணத்துப் பனங்கள் அவ்வாறே புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நாடுகளுக்குச் செல்கிறது. ஆனால் அது ஊர்நினைவை வாங்கும் சந்தை, அளவாற் சிறியது. பெரிய வாய்ப்பு புளிக்காத சாற்றில்தான் இருக்கிறது. சாவகத்துத் தென்னஞ்சருக்கரையை இந்தோனேசியர் உலகெங்கும் விற்கின்றனர். சாறு புளிக்காமலிருக்கப் பனிக்கட்டி சூழ்ந்த பெட்டியில் இறக்கும் முறையைக் காசரகோட்டுத் தோட்டப்பயிர் ஆய்வு நிறுவனம் கண்டு தந்துள்ளது. ஆழியாற்றில் நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆய்வு நிலையம் இருக்கிறது. இயந்திரம் செய்யக் கோவைத் தொழிலாளர்க்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

2017இல் தமிழக அரசு இச்சாற்றை இறக்க விதிகள் வகுத்தது. ஆனால் அவ்வுரிமை உரிமம் பெற்ற உழவர் நிறுவனங்களுக்கு மட்டுமே. தன் தோப்பில் தன் பாளையைத் தானே சீவ எளிய உழவனுக்கு இன்றும் உரிமையில்லை. அவ்விதியில் அரசு சூட்டிய பெயரோ 'நீரா'. வடவர் வழக்கிலிருந்து எடுத்துவந்த சொல். காசரகோட்டார் தம் பங்குக்குக் 'கல்பரசா' என்றனர். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கும் இனிய சாற்றுக்குக் கொங்குநாட்டுப் பாட்டி அறிந்த பெயர் தெளுவு. பில்சன் நகரத்தார் தம் பெயரை உலகுக்கு இழந்தனர். நாமோ கப்பல் ஏறுமுன்னரே இழந்துகொண்டிருக்கிறோம்.

ஆட்சியாளர் செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. உழவன் எவனும் ஊர் ஆட்சியில் பதிவு செய்துவிட்டுத் தெளுவு இறக்கலாம் என்று 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம். கள்ளுக்கு மாவட்டந்தோறும் ஓர் ஆய்வுக்கூடமும் அளவிட்ட இசைவும். புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, குப்பியில் ஒட்டும் தாளில் 'பொள்ளாச்சித் தெளுவு' என்னும் இரண்டு சொற்கள்.