முதல் அமர்வில் கேட்க வேண்டியது

மார்ட்டின் செலிக்மன் 1998-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது முன்வைத்த நேர்மறை உளவியல், நோயையே பார்த்துப் பழகியிருந்த நம் துறையை மனிதரின் வலிமைகள் பக்கமும் திருப்பியது. அந்த நன்றியோடுதான் இங்கே ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாழ்க்கையின் பொருள் பற்றிய பேச்சு ஆலோசனை அறைக்குள் வரும்போது பெரும்பாலும் பெரிய கேள்வியாகவே வருகிறது: உங்கள் வாழ்வின் நோக்கம் என்ன, எதற்காக வாழ்கிறீர்கள்? மனச்சோர்வோடு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு இது இன்னொரு தேர்வுத்தாள். அதற்குப் பதில் தெரியாததால்தான் அவர் நம்மிடம் வந்திருக்கிறார். மைக்கேல் ஸ்டீகரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட பத்துக் கேள்வி வினாநிரல், பொருள் இருப்பதையும் அதைத் தேடுவதையும் தனித்தனியே அளக்கிறது. தேடலைத் தூண்டிவிட்டாலே பொருள் கிடைத்துவிடும் என்று நாமும் எண்ணிவிடக் கூடாது. யோசித்துக் கண்டடைவதற்கு முன்பே, ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதில் பொருள் உருவாகிறது. சிகிச்சையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கான ஆகச் சிறந்த சான்று, நேர்மறை உளவியல் என்ற பெயர் பரவுவதற்கு வெகுகாலம் முன்பே கிடைத்துவிட்டது. வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்றொரு சிற்றூர். ஒரே ஒரு நெசவாலையை நம்பியிருந்த ஊர் அது. உலகப் பொருளாதார நெருக்கடியில் ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோரின் குழு அங்கே போய் ஆய்ந்தது; 1933-இல் நூல் வெளிவந்தது. வேலை போனால் பணம் போகும், நேரமாவது மிஞ்சும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அங்கே நடந்ததோ வேறு. தொழிலாளர் நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகும், வெளியே போன புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் போகிறவர்களின் நடையை ஆய்வாளர்கள் அவர்கள் அறியாமல் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டார்கள். ஆண்கள் மெல்ல நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள். கழிந்த நாளை மணிக்கு மணி எழுதச் சொன்னபோது, எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது போன்ற சிலவற்றைத் தாண்டி ஆண்களால் அதிகம் எழுத முடியவில்லை. வேலை என்பது கூலியோடு சேர்த்து நாளுக்கொரு கால ஒழுங்கையும், குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பையும், பலரோடு பகிர்ந்த நோக்கத்தையும், சமூகத்தில் ஓர் இடத்தையும், தவறாமல் செய்தாக வேண்டிய செயலையும் தருகிறது என்று யஹோடா பிற்காலத்தில் வகுத்துச் சொன்னது இந்த அனுபவத்தின் மேல் நின்றுதான்.

அதே காலத்தில் அதே வியன்னாவில் விக்டர் ஃபிராங்க்ல் வேலையற்ற இளைஞர்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நாஜி முகாம்களில் அவர் பட்டதையே நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அன்றாட சிகிச்சைக்கு இந்த முந்தைய பணியே அதிகம் உதவும். வேலையில்லாதவன் பயனற்றவன், பயனற்ற வாழ்வுக்குப் பொருளில்லை என்று அந்த இளைஞர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். அவர்களை இளைஞர் அமைப்புகளிலும் பொது நூலகங்களிலும் ஊதியமில்லாத பணிகளில் ஈடுபடச் செய்தார். வேலையும் கிடைக்கவில்லை, பசியும் தீரவில்லை. சோர்வு மட்டும் விலகியது. நாளில் ஒரு பகுதி யாருக்கோ தேவைப்படுவதாக ஆனதுதான் மாற்றம். அண்மைய ஆய்வுகளில் சமந்தா ஹைன்ட்சல்மனும் லாரா கிங்கும் 2019-இல் வெளியிட்டவை, வழக்கமான அன்றாடச் செயல்களுக்கும் வாழ்வில் பொருள் இருப்பதான உணர்வுக்கும் தொடர்பு காட்டின. உடனிகழ்வு காரணம் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் நம் நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே நடந்த சோதனை ஒன்று இருக்கிறது. கோவாவில் பத்து நிலையங்களில், கடும் மனச்சோர்வுள்ள 495 பேரிடம் நடத்தி 2017-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். அந்த அமர்வுகளின் மையம், நின்றுபோன அன்றாடச் செயல்களைத் திட்டமிட்டு மீண்டும் தொடங்குவது. மூன்று மாதம் கழித்து இந்த அமர்வுகளையும் பெற்ற குழுவில் 64 சதவீதம் பேரும், மேம்படுத்தப்பட்ட வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேரும் நோய்க்குறிகள் தணிந்த நிலையை எட்டியிருந்தார்கள். அந்த ஆய்வு அளந்தது மனச்சோர்வைத்தான், பொருளை அல்ல. ஆனாலும் செயல் முதலில், மனநிலை பின்னால் என்ற வரிசைக்கு இது வலுவான ஆதாரம்.

வெறும் அட்டவணையில் பொருள் எங்கே இருக்கிறது, சிறையிலும்தான் நேர ஒழுங்கு உண்டு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜப்பானில் மியெகோ காமியா, நாகஷிமா ஐசெயென் தொழுநோய் இல்லத்தில் மனநல மருத்துவராகப் பணிபுரிந்து, வாழத் தகுந்தது எது என்பது பற்றி 1966-இல் எழுதினார். உணவும் உறைவிடமும் இருந்த அந்த இடத்தில் பலரை வெறுமை வாட்டியது. அதே கூரையின் கீழ் சிலருக்கு வாழ்வு நிறைவாக இருந்தது. ஆகவே, நேரத்தை நிரப்புவது போதாது. அதில் ஏதாவதொன்று அவருடையதாக, இன்னொருவரைச் சென்றடைவதாக இருக்க வேண்டும். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: வேலையின்மையையும் வறுமையையும் தனிமனிதரின் மனப்பயிற்சியாகச் சுருக்குகிறோம் என்பது. ஆலை மூடப்பட்டு வேலை இழந்தவருக்கு நன்றிக் குறிப்பேட்டை வீட்டுப்பாடமாகக் கொடுத்து அனுப்புவது அந்தப் பிழைதான். கழிந்த நாளை மணிவாரியாகக் கேட்கும்போதோ, எந்த இழப்பு எங்கிருந்து வந்தது என்பது பதிவாகிறது. வேலை போனது என்றால் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதப்பட வேண்டும். அது நோயாளியின் மனப்பான்மைக் குறையாக மாறிவிடக் கூடாது.

மரியன்தாலின் பெண்களிடம் நமக்குப் பாடம் இன்னும் மீதமிருக்கிறது. சமையலும் குழந்தைகளும் கிழிந்த துணிகளுமாக அவர்களின் நாள் நிறைந்திருந்தது. ஆலை இருந்த காலத்தில் வீட்டுவேலையையும் சேர்த்து இரட்டைச் சுமை தூக்கியவர்கள் அவர்கள். இருந்தும் கூலிக்காக மட்டுமல்லாமல் ஆலைக்குத் திரும்பிப் போக விரும்பினார்கள்; அங்கே மனிதர்கள் இருந்தார்கள். காலை ஐந்து மணிக்குத் தொடங்கும் நாளோடு நம் முன் வரும் இல்லத்தரசிக்கு மேலும் ஒரு செயலைப் பட்டியலில் சேர்ப்பது சிகிச்சை ஆகாது. அவர் செய்பவற்றில் எதை அவரே தேர்ந்தார், எதை யாராவது கவனித்தார்கள், எதை இன்னொருவர் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்று கேட்க வேண்டும். அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் தேட, அடுத்த அமர்வுக்கு வீட்டிலிருக்கும் மற்றவர்களையும் அழைக்க வேண்டியிருக்கும்.