பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

1970 ஜனவரி 1 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயதினர் அனைவரும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் பெரியவர்கள் ஆனார்கள். அதுவரை உரிய வயது இருபத்தொன்று. லேட்டி குழு 1967இல் தந்த பரிந்துரையை ஏற்று, 1969ஆம் ஆண்டின் குடும்பச் சட்டச் சீர்திருத்தச் சட்டம் அதைப் பதினெட்டாகக் குறைத்தது. அன்று முதல் பதினெட்டு வயதுப் பிள்ளை தன் பெயரிலேயே கடன் வாங்கலாம், தவணைக்குப் பொருள் எடுக்கலாம். பெற்றோரின் கையெழுத்து தேவையில்லை. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தப் பேனாவைப் பிடிப்பதற்கு முன் பிள்ளை எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி இன்றுவரை அரைகுறையாகவே நிற்கிறது.

அந்தக் கேள்விக்குரிய இடம் சிக்ஸ்த் ஃபார்ம். நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ போல, பதினாறிலிருந்து பதினெட்டு வரையிலான இரண்டு ஆண்டுகள். தனிநபர் நிதி அங்கே ஒரு பாடமாக வேண்டுமா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் எதைக் கற்பிப்பது என்பதில் பழைய விடை இன்று உதவாது.

பழைய விடை சிக்கனம். ஸ்காட்லாந்தின் ரத்வெல் கிராமத்தில் ஹென்றி டங்கன் என்ற பாதிரியார் 1810இல் சேமிப்பு வங்கி தொடங்கினார். பெரிய வங்கிகளில் கணக்குத் தொடங்கப் பத்துப் பவுண்டு கேட்ட காலத்தில், அவர் ஆறு பென்னியை வாங்கிக்கொண்டார். 1861இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தது. வட்டி ஆண்டுக்கு இரண்டரை சதவீதம், அதாவது பவுண்டுக்கு மாதம் அரைப் பென்னி. கூலிக்காரரும் விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய கணக்கு. ஒரு ஷில்லிங்கைக்கூட மொத்தமாகக் கொண்டுவர முடியாதவர்களுக்காக, 1880இல் அஞ்சல் துறைத் தலைவர் ஹென்றி ஃபாசெட், பென்னித் தபால்தலைகளை ஒரு தாளில் ஒட்டிச் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு ஒட்டினால் ஒரு ஷில்லிங். பள்ளிக்கூடங்களில் பென்னி வங்கிகள் பரவின. முதல் உலகப் போரின்போது, 1916இல் தொடங்கிய தேசியச் சேமிப்பு இயக்கமும் வகுப்பறைக்குள் நுழைந்தது. இப்படி மூன்று தலைமுறைக் குழந்தைகள் பள்ளியில் பணத்தைப் பற்றிக் கற்றது ஒன்றே ஒன்று: வந்ததில் கொஞ்சம் எடுத்து வை.

அந்தப் பாடம் தன் காலத்துக்குப் பொருந்தியது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்குக் கடன் கொடுக்க அன்று எந்த வங்கியும் முன்வரவில்லை. நிலைமை தலைகீழானது பிறகுதான். 1966இல் பார்க்ளேகார்டு என்ற கடன் அட்டை வந்தது. கடன் என்பது நாம் தேடிப் போவது என்ற நிலை மாறி, அது நம்மைத் தேடி வருவதாயிற்று. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், பதினெட்டு வயதாகாதவருக்குக் கடன் வாங்கத் தூண்டும் விளம்பரக் கடிதத்தை லாப நோக்கில் அனுப்புவதையே குற்றமாக்கியது. அப்படியானால் பிறந்தநாளுக்கு முதல் நாள் வரை சட்டத்தின் காவல் உண்டு. விடிந்தால் பிள்ளை தானே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்.

பதினெட்டு வயதில் இடும் கையெழுத்துகளில் மிகப் பெரியது கல்விக் கடனுக்கானது. 1962 முதல் ஒரு தலைமுறைக்குப் பல்கலைக்கழகக் கட்டணத்தை அரசே ஏற்றது, தகுதியுள்ளோருக்கு வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் தந்தது. 1990இல் வாழ்க்கைச் செலவுக்குக் கடன் வந்தது. 1998இல் ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு கட்டணம். 2006இல் மூவாயிரம் வரை. 2012இல் ஒன்பதாயிரம் வரை. படிப்பு முடிவதற்குள் கடன் பல பத்தாயிரங்களைத் தொட்டுவிடுகிறது.

அந்தத் தொகையைப் பார்த்து மிரளும் குடும்பத்துக்கு, கடனின் விதிகளை உட்கார்ந்து விளக்குபவர் யார்? 2023 ஆகஸ்டுக்குப் பின் இங்கிலாந்தில் பட்டப்படிப்பில் சேர்ந்தவர், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால் மட்டும், தாண்டிய பகுதியில் ஒன்பது சதவீதம் கட்ட வேண்டும். 30,000 சம்பாதித்தால் ஆண்டுக்கு 450 பவுண்டு, மாதத்துக்கு முப்பத்தேழரை. 24,000 சம்பாதித்தால் ஒன்றுமில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து மிச்சம் இருந்தால் தள்ளுபடி. ஊர்க் கந்துவட்டியைப் பார்த்து வளர்ந்தவர் அஞ்சும் கடன் அல்ல இது. ஏறக்குறைய ஒரு வரி. இதைத் தெரியாமல் பயந்து படிப்பைக் கைவிடுவதும் நட்டம். நாற்பது ஆண்டுகள் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதை உணராமல் கையெழுத்திடுவதும் நட்டம். இரண்டும் அதிகம் நேர்வது, பல்கலைக்கழகத்தின் படியை யாரும் மிதித்திராத வீடுகளில்தான்.

2014 முதல் இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் பணம் பற்றிய பாடம் உண்டு; குடிமையியலின் ஒரு பகுதியாக, பதினொன்று முதல் பதினாறு வயது வரை. ஆனால் அகாடமி எனப்படும் தன்னாட்சிப் பள்ளிகளை அந்தப் பாடத்திட்டம் கட்டுப்படுத்தாது. மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை இன்று அகாடமிகள். பதினாறோடு தேசியப் பாடத்திட்டமே முடிந்தும் விடுகிறது. வருமான வரியும் வீட்டுக் கடனும் கல்விக் கடனும் கணக்காக வரும் ‘கோர் மேத்ஸ்’ போன்ற நல்ல படிப்புகள் சிக்ஸ்த் ஃபார்மில் இருக்கின்றன. இருந்தாலும் பள்ளி நடத்தினால்தான் உண்டு, மாணவர் தேர்ந்தெடுத்தால்தான் உண்டு. கையெழுத்துக்கு மிக அருகில் இருக்கும் இரண்டு ஆண்டுகளில்தான் கட்டாயம் ஏதும் இல்லை.

பாடம் வைத்தால் ஏழ்மை தீராது என்பார்கள். உண்மை. வாடகைக்கே போதாத சம்பளத்தை எந்தக் கணக்குப் பயிற்சியும் போதுமானதாக்காது. குறுகிய காலக் கடன்களின் கொள்ளை வட்டியைக் கட்டுப்படுத்தியது வகுப்பறை அல்ல, நாளொன்றுக்கு 0.8 சதவீதம், மொத்தச் செலவு அசலுக்கு மேல் போகக்கூடாது என்று 2015 ஜனவரியில் நிதித் துறையின் ஒழுங்குமுறை ஆணையம் வைத்த வரம்பு. ஆகவே பாடத்தைக் காட்டி அரசு தன் பொறுப்பைக் கழற்றிவிட அனுமதிக்கக் கூடாது. கடனில் விழுந்தவனிடம் ‘உனக்குத்தான் பள்ளியிலேயே சொன்னோமே’ என்று சொல்ல அது ஒரு சாக்காகிவிடக் கூடாது.

அதனாலேயே பாடத்தின் உள்ளடக்கம் முக்கியம். சிக்கனத்தை மட்டும் போதிக்கும் பாடம் குற்றத்தை மாணவர் மேல் வைக்கும். ஒப்பந்தத்தை வாசிக்கவும், வட்டியைக் கணக்கிடவும், சம்பளச் சீட்டில் பிடித்தம் சரியா என்று பார்க்கவும், ஏமாற்றப்பட்டால் எங்கே முறையிடுவது என்று அறியவும் கற்பிக்கும் பாடம் அவருக்குப் பலம் தரும். வரம்புகளை யார் வைக்கிறார்கள், யார் எதிர்க்கிறார்கள் என்று கேட்கும் குடிமகனையும் அதுவே உருவாக்கும்.

கடன் விற்கும் வங்கி அச்சிட்டுத் தரும் புத்தகத்தை நம்பி இதை நடத்த முடியாது. கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம், பயிற்சி பெற்ற ஆசிரியர், பல்கலைக்கழகங்கள் மதிக்கும் ஒரு தேர்வு ஆகிய மூன்றும் வேண்டும். விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை. பதினெட்டு வயதில் பொறுப்பைச் சுமத்தும் நாடு, அதைச் சுமக்கும் அறிவை அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் எல்லோருக்கும் தரக் கடமைப்பட்டிருக்கிறது.